குண்டுவெடிப்பில் காயப்பட்டவர்: சிகிச்சையும் பதிவும்

1996 ஜனவரி 31 அன்று கொழும்பு கோட்டையில் மத்திய வங்கி தாக்கப்பட்டபோது, 90 பேருக்கு மேல் உயிரிழந்தனர். சுமார் 1,400 பேர் காயமடைந்தனர். சுற்றுவட்டாரக் கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடி சிதறிப் பலரது பார்வையைப் பறித்தது. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தது கூரைக்குக் கீழே. இடம் மாறினால் காயமும் மாறும்.

வெடித்த கணத்தில் காற்றமுக்கம் திடீரென உயர்ந்து அலையாகப் பரவுகிறது. மூடிய இடத்தில் அது சுவரில் பட்டுத் திரும்பி, ஒரே உடலை மீண்டும் மீண்டும் தாக்கும். முதலில் சேதப்படுபவை காற்று உள்ள உறுப்புகள்தான்: காது, நுரையீரல், குடல். செவிப்பறை கிழிய சுமார் 35 கிலோபாஸ்கல் அமுக்கம் போதும். நுரையீரலுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆனாலும் செவிப்பறை நன்றாக இருக்கிறது என்பதற்காக நுரையீரலும் தப்பிவிட்டது என்று எவரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மூடிய இடத்தில் இருந்தவரை, வெளியில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும், குறைந்தது 6 முதல் 8 மணித்தியாலம் கண்காணிக்க வேண்டும். இருமலில் இரத்தம், மூச்சுத் திணறல், குறையும் ஒட்சிசன் அளவு, எக்ஸ்ரேயில் வண்ணத்துப்பூச்சி வடிவ வெண்படலம் ஆகியவை நுரையீரல் சேதத்தின் அடையாளங்கள். இப்படி நுரையீரல் சேதப்பட்டவருக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்கும்போது அமுக்கத்தைக் கூட்டினால், கிழிந்த காற்றறைகளிலிருந்து காற்று இரத்தக்குழாய்க்குள் புகுந்து மூளைக்கோ இதயத்துக்கோ போய்விடும். குடலில் ஏற்பட்ட துளை சில நாட்கள் கழித்தும் வெளிப்படலாம்.

சம்பவ இடத்தில் ஆளை முதலில் கொல்வது இரத்தப்போக்குத்தான். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 சென்றிமீற்றர் மேலே, மூட்டைத் தவிர்த்து, இரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்ட வேண்டும். அரைகுறை இறுக்கம் ஆபத்து: நாளம் மட்டும் அடைபட, நாடி தொடர்ந்து இரத்தத்தை உள்ளே தள்ளி, போக்கு இன்னும் கூடும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டுத்துணியிலோ எழுதுங்கள். கண்ணில் கண்ணாடி ஏறியிருந்தால் இழுக்கவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். கடதாசிக் கோப்பையைக் கண்ணில் படாமல் கவிழ்த்து ஒட்டி அனுப்புங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் வருமுன்னரே நடக்கக்கூடியவர்கள் முச்சக்கரவண்டிகளில் வைத்தியசாலைக்கு வந்து கட்டில்களை நிரப்பிவிடுவார்கள். மிக மோசமானவர்கள் பின்னால்தான் வருவார்கள். வாசலிலேயே தரம் பிரிப்பது அதற்காகத்தான்.

அழுக்கும் துணியும் புகுந்த காயத்தைக் கழுவி, இறந்த தசையை வெட்டியெடுத்து, தைக்காமல் விட்டு, 3 முதல் 5 நாட்களின் பின் மூடுவதே முறை. உடனே தைத்தால் உள்ளே சீழ் கட்டும். தற்கொலைத் தாக்குதலில் பிறருடைய எலும்புத் துண்டு குத்தியிருக்கலாம் என்பதால், ஏற்பு (டெட்டனஸ்) ஊசியோடு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் அவசியம்.

இனிப் பதிவு. காயத்தை வெட்டிக் கழுவியதும் அதன் முதல் உருவம் போய்விடும். சட்ட வைத்திய அதிகாரி வந்து பார்க்கும்போது கட்டு மட்டுமே இருக்கும். எனவே சத்திரசிகிச்சை செய்பவரே முதற்சாட்சி. ‘பல காயங்கள்’ என்ற ஒரு வரி நீதிமன்றத்தில் எதற்கும் உதவாது. ‘வலது முன்தொடை, முழங்காலுக்கு மேல் 12 செ.மீ., 2 × 1.5 செ.மீ., ஓரம் கருகியது, தசை வரை ஆழம்’ என்று எழுதினால் எந்தத் திசையிலிருந்து, எதனால் என்பதைப் பின்னர் கணிக்கலாம். முடிந்தால் இரு படங்கள்: தூரத்தில் ஒன்று, அளவுகோலுடன் கிட்டத்தில் ஒன்று. எடுத்த உலோகத் துண்டைப் பல்லுள்ள இடுக்கியால் பிடித்தால் புதிய கீறல் விழும். தனிக் குப்பியில் இட்டு, நோயாளியின் பெயர், கட்டில் சீட்டு இலக்கம், எடுத்த இடம், நேரம் எழுதி, கையொப்பம் வாங்கியே பொலிசாரிடம் கொடுக்க வேண்டும். உடுப்பை வெட்டும்போது துளையின் ஊடாக வெட்டாதீர்கள். இரத்த ஈரம் காய்ந்த பின் கடதாசிப் பையில் இடுங்கள்.

காதுச் சோதனையை ஆரம்பத்திலேயே எழுதாமல் விடுவது பெரிய அநியாயம். தண்டனைச் சட்டக் கோவையின் 311ஆம் பிரிவில் நிரந்தரமாகக் கேள்வி இழப்பது பாரதூரமான காயம். மாதக்கணக்கில் கழித்து ‘காது கேட்கவில்லை’ என்று வருபவரிடம் பழைய பதிவு இல்லாவிட்டால், அந்தக் குண்டோடு அதை இணைப்பது கடினம். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஓரெழுத்து மாறினாலும் இழப்பீட்டு விண்ணப்பம் இழுபடும்.

வீடு திரும்பும்போது டயக்னோசிஸ் காட்டை (நோயும் சிகிச்சையும் எழுதி வைத்தியசாலை தரும் அட்டையை) பிரதியெடுத்து வையுங்கள். உடலில் எடுக்காமல் விட்ட உலோகத் துண்டு இருந்தால் அது எங்கே என்று அதில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பின்னொரு நாள் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகையில் காந்தம் அதை அசைத்துவிடும் அபாயம் உண்டு, கண்ணுக்கு அருகில் என்றால் பார்வையே போகலாம்.