தளர்த்தியும் தளர்ச்சியும்

மலேசியாவின் செமினி வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டியவர்கள் முதுகுப் பிடிப்புக்காகக் கிளினிக்குக்குப் போனால் ‘மசல் ரிலேக்சன்ட்’ என்ற பெயரில் மாத்திரை கொடுப்பார்கள். அதைத் ‘தசைத் தளர்ச்சி மாத்திரை’ என்று தமிழில் சொல்லிவிட்டால் குழப்பம் வந்துவிடும். தளர்ச்சி என்றால் நமக்கு முதுமையும் சோர்வும்தான் நினைவுக்கு வரும், உடம்பைத் தளர வைக்கும் மருந்தை யார் விழுங்குவார்கள்?

‘ரிலேக்ஸ்’ என்பதன் மூலம், ‘தளர்ந்த’ என்று பொருள்படும் ‘லாக்ஸுஸ்’ என்னும் இலத்தீன் சொல். மலம் இளக்கும் மருந்தாகிய ‘லாக்சேட்டிவ்’ என்பதும் அதே வேரில் முளைத்ததுதான். தமிழில் ‘தளர்’ தன்வினை, ‘தளர்த்து’ பிறவினை. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் ‘கடத்து’ என்பது ‘கடத்தி’ ஆனதுபோல, ‘தளர்த்து’ என்பதோடு இகரம் சேர்ந்து ‘தளர்த்தி’ ஆகிறது. செய்யும் பொருள் தளர்த்தி, அதனால் விளைவது தளர்வு. தளர்ச்சிக்கு இங்கே வேலையில்லை. வளை நெகிழ்வதைப் பாடிய சங்கப் புலவர்களின் சொல்லைக் கொண்டு ‘நெகிழ்ப்பி’ என்றும் ஆக்கலாம், அழகாகவும் இருக்கும்; ஆனால் பிளாஸ்டிக்கை ‘நெகிழி’ என்று அழைத்துப் பழகிவிட்டோமே.

எந்தத் தசை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலாய்க்காரர்களும் மலேசியப் பழங்குடியினரான ஒராங் அஸ்லி மக்களும் இருமலுக்கும் இளைப்புக்கும் பயன்படுத்திவரும் புலிப்பால் காளான், அதாவது ‘சென்டாவான் சுசு ரிமாவ்’, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புலியின் பால் சிந்திய இடத்தில் முளைப்பது என்பது அப்பெயருக்குப் பின்னுள்ள கதை. மருந்தாவது மண்ணுக்கடியில் இருக்கும் அதன் கிழங்கு. செமினியிலுள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்று 2018இல் வெளிவந்த ஆய்வில், எலியிடமிருந்து பிரித்தெடுத்த மூச்சுக்குழல் துண்டுகளைச் சுருங்கச் செய்து அக்கிழங்கின் சாற்றைச் சேர்த்தபோது அவை தளர்ந்தன. தசை சுருங்குவதற்குக் கால்சியம் உயிரணுவுக்குள் நுழைய வேண்டும். அந்த நுழைவைச் சாறு தடுப்பதோடு இந்தத் தளர்வு தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

இது மூச்சுக்குழலைச் சூழ்ந்த, நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானே இயங்கும் வரியற்ற தசை. குலை வெட்டுபவரின் முதுகில் இறுகுவதோ நாம் விரும்பி இயக்கும் வரித்தசை. ஆகவே காளான் சாற்றை வெறுமனே தசைத் தளர்த்தி என்றால், முதுகுப் பிடிப்புக்கும் ஆகும் என்று எண்ணத் தோன்றும். ‘பிராங்கோடைலேட்டர்’ என்பதற்கு வழங்கும் ‘மூச்சுக்குழல் விரிப்பி’ விளைவை மட்டும் சொல்கிறது. ‘மூச்சுக்குழல் தசைத் தளர்த்தி’ என்றால் சற்று நீளம்தான், ஆனால் எந்தத் தசை, அதற்கு என்ன நேர்கிறது என்ற இரண்டும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன.