பூட்டாத கதவு சந்தாதாரர் பக்கம்தான் இருக்கிறது

இந்த வருஷத்தில் இது நாலாவது அழைப்பு. சின்ன ஊர் ஃபைபர் ஆபரேட்டர் ஒருவர், இரவு பதினொரு மணிக்கு: "அண்ணா, ஊர் பூரா நெட் இழுக்குது." அவருடைய மைக்ரோடிக் கம்பெனி ரூட்டரைத் திறந்தால் சிபியு நூறில் நிற்கிறது. லாக் முழுக்கத் தோற்றுப்போன எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து ரூட்டருக்குள் நுழையும் வழி) லாகின் முயற்சிகள். எல்லாமே அவருடைய சந்தாதாரர் ஐபிகளிலிருந்து.

"நாட் போட்டிருக்கேனே அண்ணா, யாருக்கும் பப்ளிக் ஐபி தரலையே, எவன் உள்ள வருவான்?"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நாட் என்பது பல பேரை ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு; வெளியிலிருந்து வருகிறவனுக்குத்தான் அது ஒரு மறைப்பு. உங்கள் சந்தாதாரர் அந்த மறைப்புக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்) முகவரியே உங்கள் ரூட்டர்தான். அதை அவர் தேடிக் கண்டுபிடிக்கக்கூட வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் வீட்டு கேமரா? 2016-இல் மிராய் என்ற தீநிரல் படை திரட்டியது, கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத இப்படிப்பட்ட கேமராக்களிலும் டிவிஆர்களிலும்தான்.

அழைத்த ஆபரேட்டரும் ஃபயர்வால் ரூல் போட்டிருந்தார். ஆனால் இணையத்தை நோக்கிய அப்லிங்க் போர்ட்டில் மட்டும். சந்தாதாரர் வருவது பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) இன்டர்ஃபேஸ் வழியாக. இன்னொருவர் எல்லாத் தடையையும் ஃபார்வர்ட் செயினில், அதாவது ரூட்டரைக் கடந்து போகும் பேக்கெட்டுக்கான ரூல் வரிசையில், எழுதி வைத்திருந்தார். ரூட்டருக்கே வரும் பேக்கெட் இன்புட் செயினுக்குத்தான் போகும், அங்கே ஒரு வரிகூட இல்லை. சிஸ்கோவில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே ஆக்சஸ் லிஸ்ட்டின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு 'டினை' (தடை) உண்டு. மைக்ரோடிக்கில் கிடையாது. எந்த ரூலிலும் சிக்காத பேக்கெட் உள்ளே போய்விடும்.

இன்றைக்கே செய்யுங்கள். இன்புட் செயினில் 'ஆல்-பிபிபி'யிலிருந்து (எல்லா பிபிபிஓஇ இணைப்புகளையும் சேர்த்துக் குறிக்கும் பெயர்) பிங்கையும், ரூட்டரே டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றும் சேவை) தருகிறது என்றால் 53-ஆம் போர்ட்டையும் அனுமதியுங்கள். அதற்குக் கீழே, ஆல்-பிபிபியிலிருந்து வரும் மிச்சம் அத்தனையும் ட்ராப். வரிசை மாறினால் டிஎன்எஸ்ஸும் செத்துவிடும். ஓஎல்டியின் (வீடுகளுக்குப் போகும் ஃபைபர்கள் உங்கள் பக்கம் வந்து சேரும் கருவி) மேனேஜ்மென்ட் ஐபிக்குச் சந்தாதாரரிடமிருந்து வழியே இருக்கக் கூடாது, இதை ஃபார்வர்டில் எழுதுங்கள். நீங்கள் கொடுக்காத சோர்ஸ் ஐபியோடு வரும் பேக்கெட்டையும் அங்கேயே நிறுத்துங்கள். 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2827 என்ற இணைய வழிமுறை ஆவணம் சொன்னது இது. ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) கொடுத்தால் அதற்குத் தனி ஃபயர்வால், எல்லாம் மறுபடி எழுத வேண்டும். அங்கே ஐசிஎம்பியை (பிங் போன்ற கட்டுப்பாட்டுச் செய்திகளை) மொத்தமாக அடைத்துவிடாதீர்கள், இணைப்பே நின்றுபோகும்.

அப்புறம், தயவுசெய்து, ரூலில் கை வைக்கும் முன் சேஃப் மோடை அழுத்துங்கள். தப்பான ரூலால் நீங்களே வெளியே மாட்டிக்கொண்டாலும், தொடர்பு அறுந்ததும் ரூட்டர் அந்த மாற்றத்தைத் தானே திரும்ப எடுத்துவிடும்.