அமஞ்சி: இஸ்ரவேல் அரசு உடைந்ததன் பின்னால் உள்ள சொல்

கூலி கொடுக்காமல் கட்டாயமாக வாங்கும் வேலைக்குப் பெயர் அமஞ்சி. பழைய தமிழ் விவிலியத்தில், இஸ்ரவேல் அரசன் சாலொமோன் 30,000 அமஞ்சி ஆட்களைப் பிடித்த செய்தியில் (1 இராஜாக்கள் 5:13) இது வருகிறது. மாதத்துக்கு 10,000 பேர் முறைவைத்து லீபனோனுக்குப் போனார்கள்; ஒரு மாதம் அங்கே, இரண்டு மாதம் வீட்டில். அப்படியானால் ஒருவனுக்கு ஆண்டில் நான்கு மாதம் அரசனுக்கே போய்விடும். அந்த மாதங்களில் உழவோ அறுப்போ வந்தால் குடும்பத்தின் பாடு திண்டாட்டம்தான்.

எபிரேயத்தில் இதற்குச் சொல் 'மஸ்'. சாலொமோனுக்கும் முந்தையது. எகிப்தின் அமர்னாவில் கிடைத்த கி.மு. 14ஆம் நூற்றாண்டின் களிமண் மடல் ஒன்றில், சூனேம் நிலத்தை உழ 'மஸ்ஸு' ஆட்களைக் கொண்டுவருவதாகக் கானான் நகரமான மெகிதோவின் தலைவன் பிரிதியா எகிப்து அரசனுக்கு எழுதுகிறான்.

சிக்கல் அரசு உடைவதைச் சொல்லும் 1 இராஜாக்கள் 12:18-இல். அங்கும் மூலச்சொல் 'மஸ்'தான். தமிழில் 'பகுதி' என்று பெயர்த்திருக்கிறார்கள். பகுதி என்றால் கப்பம், வரி. அதனால் அங்கே வடக்கு மக்களால் கல்லெறிந்து கொல்லப்பட்ட அதோராம் வெறும் வரி தண்டுபவனாகத் தெரிகிறான். உண்மையில் சாலொமோனின் அமஞ்சி ஆட்களை மேய்த்த அதோனீராம்தான் அவன் என்பதே பெரும்பாலோர் கருத்து.

சாலொமோனுக்குப் பின் அரசனான அவன் மகன் ரெகொபெயாம் வடக்கு நகரமான சீகேமுக்குப் போனதே வடக்குக் கோத்திரங்களின் சம்மதம் வாங்கத்தான். தாவீதும் எப்ரோனில் ஏழரை ஆண்டு யூதாவை மட்டும் ஆண்டவர். பிறகு வடக்கு மூப்பர்கள் வந்து உடன்படிக்கை செய்தபின்னரே முழு இஸ்ரவேலுக்கும் அரசரானார். ஒற்றுமை அந்த உடன்படிக்கையில் நின்றது. சுமையைக் குறையுங்கள் என்பதே வடக்கின் ஒரே கோரிக்கை. அவர்களோடு வந்த யெரொபெயாம் யோசேப்பு வம்சத்தாரின் கட்டாய வேலையை மேற்பார்த்தவன். உள்விவகாரம் முழுதும் தெரிந்தவன். மூன்று நாள் தவணை கேட்ட ரெகொபெயாம், முதியோர் சொன்னதைத் தள்ளிவிட்டுச் சுமையைக் கூட்டுவேன் என்றான். அதோடு நில்லாமல், அவர்களிடம் அதோராமையே அனுப்பினான்! அவர்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள், வடக்கு பிரிந்துபோனது. வேறு யாரை அனுப்பியிருந்தாலும் ஒருவேளை பேச்சு நீண்டிருக்கும். ஏறத்தாழ கி.மு. 931-இல் உடைந்த அரசு பிறகு ஒட்டவேயில்லை. வடக்கு கி.மு. 722-இல் அசீரியரிடமும், தெற்கு 586-இல் பாபிலோனியரிடமும் தனித்தனியாக விழுந்தன.

'மஸ்' என்பதற்கு இன்றைய தமிழில் நேர்ச்சொல்? சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' இதே பொருளில் உண்டு. ஆனால் அது வடமொழி 'விஷ்டி'யின் வழி வந்தது, இன்று 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை. ஆகவே 'கட்டாய ஊழியம்' என்பதே பொருந்தும். 12:18-இலும், அதே செய்தி திரும்ப வரும் 2 நாளாகமம் 10:18-இலும் 'கட்டாய ஊழிய மேலாளன்' என்று படித்தால், கல் ஏன் அவன்மேல் விழுந்தது என்பது புரியும்.