புற்றுநோயாளிக்குக் கஞ்சா மருந்து: கொழும்பில் எது சட்டப்படி, எது வம்பு

வைத்தியர் துண்டு எழுதிக் கொடுத்தால் கஞ்சா எண்ணெய் வைத்திருக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிற கதையை நம்பாதீர்கள். புற்றுநோயாளிக்கென்று கஞ்சா அட்டையோ அனுமதிப் பத்திரமோ இலங்கையில் கிடையாது. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. பொலிஸ் பிடித்தால் கிளினிக் கொப்பியைக் காட்டித் தப்ப முடியாது. முதலீட்டாளர்கள் கஞ்சா வளர்க்க அரசு அனுமதித்தது ஏற்றுமதிக்கு மட்டும்தான், நோயாளிக்கு அதனால் எதுவும் மாறவில்லை.

சட்டம் திறந்து வைத்திருக்கிற வாசல் ஆயுர்வேதம். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ், பதிவுபெற்ற வைத்தியர் மருந்து தயாரிப்பதற்காகக் கஞ்சாவைப் பெறலாம். தயாரித்த மருந்துதான் நோயாளி கைக்கு வரும், இலையோ பூவோ அல்ல. இங்கேதான் ஏமாறுகிறார்கள். மதன மோதகம் (கஞ்சா சேர்ந்த ஆயுர்வேத மருந்து) என்று பெயர் ஒட்டி விற்கிறதெல்லாம் சட்டப்படியானது இல்லை. வைத்தியரின் ஆயுர்வேத மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், பெயரும் திகதியும் உள்ள பற்றுச்சீட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, "புற்றுநோய் கரையும்" என்று சொன்னவனை நம்பி நகையை அடகு வைத்து எண்ணெய் வாங்கி, இடையில் கீமோவையும் நிறுத்திவிட்டார். கஞ்சா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. சிலருக்குக் கீமோவின் ஓங்காளத்தையும் சத்தியையும் குறைக்கும், அவ்வளவுதான்.

கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் போத்தலோடு வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 2018இலிருந்து சட்டப்படி விற்கிறார்கள், உண்மை. ஆனால் அங்கத்தைய வைத்தியர் துண்டு கட்டுநாயக்க விமான நிலையத்தில் காப்பாற்றாது. பதிவில்லாத மருந்தை விசேட சூழ்நிலையில் வரவழைக்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அதற்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கஞ்சா சேர்ந்த மருந்து என்றால் அது லேசில் கிடைக்கிற அனுமதி அல்ல. கவுன்டர் கவுன்டராக அனுப்புவார்கள், "நாளைக்கு வாங்க" என்பார்கள், நோயாளிக்கு நாளை என்பது எவ்வளவு பெரிது என்று அவர்களுக்கு உறைக்காது. வாயால் கேட்டுக்கொண்டு நிற்காமல் விசேட வைத்தியரின் கடிதத்தோடு எழுத்தில் கொடுங்கள், பிரதியில் முத்திரை வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும், அதைக் கடிதத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

இதற்கெல்லாம் அலைய முன்னர், கையில் இருக்கிற உரிமையைக் கேட்டு வாங்குங்கள். நோவுக்கு மோர்பின், சத்திக்கு ஒண்டான்செட்ரோன். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் இவை அரச செலவில். "மோர்பின் என்றால் கடைசிக் கட்டம்" என்று பயந்து வேண்டாம் என்கிற குடும்பங்கள் ஏராளம். நோவு தாங்க முடியவில்லை என்றால் கிளினிக்கில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், ராத்திரித் தூக்கம் போவதையும் சொல்லுங்கள். வெளியில் வாங்கச் சொன்னால் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கஞ்சா சேர்ந்த ஆயுர்வேத மருந்து ஏற்கெனவே எடுக்கிறீர்கள் என்றால் புற்றுநோய் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். ஏசுவார் என்று பயந்து மறைக்கிறார்கள். மோர்பினோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிசை எடுப்பவருக்கு இரத்தக்கசிவு ஆபத்தும் கூடும். அந்த மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.