டெகாவின் நடனச் சிறுமிக்கு ஐம்பொன் எதற்கு?

பிரெஞ்சுக் கலைஞர் எட்கார் டெகாவின் 'பதினான்கு வயது நடனச் சிறுமி' சிற்பத்தைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் 'ஐம்பொன் சிலை' என்றே எழுதுகிறார்கள். டெகா அந்தச் சிறுமியை மெழுகில் செய்து 1881-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். 1917-இல் அவர் இறந்த பிறகுதான் எப்ரார் வார்ப்படச் சாலை அதை உலோகத்தில் வார்த்தது. அந்த உலோகம் வெண்கலம். பாவாடைக்கும் கூந்தல் நாடாவுக்கும் மட்டும் நிஜத் துணி.

வெண்கலம் என்றால் செம்போடு வெள்ளீயம் சேர்ந்த கலவை. வெண்மை, கலம் என்று சொல் பிரியும். சிலைக்கு வெள்ளீயம் நூற்றுக்குப் பத்தை ஒட்டிச் சேரும். கோயில் மணிக்கு அதைவிடக் கூடுதலாகப் போடுவார்கள். சரி, இதில் குழப்பத்துக்கு என்ன இருக்கிறது?

ஐம்பொன் என்பது வேறு சங்கதி. பொன் என்றாலே பழந்தமிழில் உலோகம்தான். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்று ஐந்தைச் சொல்வது ஒரு வழக்கு. வேறு பட்டியல்களும் உண்டு. எந்தப் பட்டியலை எடுத்தாலும் வழிபாட்டுத் திருமேனிக்கென்று வகுத்த மரபு அது. பாரிஸ் பட்டறைக்காரர் யாரும் நாள் பார்த்துப் பொன் துளி இட்டு வார்க்கவில்லை. இன்னொன்று, சோழர் காலத் திருமேனிகளிலும் பெரும்பங்கு செம்புதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளும் 'செப்பு' என்றே பேசுகின்றன. அங்கேயே ஐந்தை எண்ணிக் காட்டுவது சிரமம் என்றால், பாலே பழகிய பாரிஸ் சிறுமியிடம் எப்படி எண்ணுவது?

வெண்கலம் சமையலறைச் சொல், பானைக்கும் உருளிக்கும்தான் பொருந்தும், கலைக்குக் கம்பீரமான தனித்தமிழ் வேண்டும் என்பார்கள். வெண்கலம் மட்டும் என்ன வடமொழியா? சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரைச் சொல்லும்போது கஞ்சகாரரையும் செம்பு செய்வோரையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. கஞ்சம் என்றால் வெண்கலம். தெருவில் கடை போட்டவனுக்குத் தெரிந்த வித்தியாசம் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை. இதே ஆட்கள் ஒலிம்பிக் செய்தியில் ஒழுங்காக 'வெண்கலப் பதக்கம்' என்று எழுதுகிறார்கள். ஐம்பொன் பதக்கம் வென்றார் என்று ஒருவரும் எழுதிப் பார்த்ததில்லை.

அப்புறம், அந்தச் சிறுமியை இவர்கள் 'நடன மங்கை' என்பது. பேதை, பெதும்பை என்று பெண்ணின் வயதைப் பிரிக்கும் நம் பருவக் கணக்கில் மங்கை பதின்மூன்றோடு முடிகிறாள், பதினான்கில் மடந்தை. பழஞ்சொல்தான் வேண்டுமென்றால் கணக்கையும் பார்க்க வேண்டும். இல்லையா, சிறுமி என்றே எழுதிவிட்டுப் போகலாம்.