மாஸ்க் போட்டாலும் வாய் வழியே போகும் தூசி

"மூணு மாசமா அயர்ன் டானிக் கொடுக்கிறேன் டாக்டர். முகம் வெளுத்தது வெளுத்தபடியே இருக்கு" என்றார் அந்த அம்மா. சென்னையை ஒட்டிய ஒரு தொழிற்பேட்டைக்குப் பின்தெரு அவர்களுடையது. பையனுக்கு மூன்று வயது. அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், சோற்றைக் கண்டாலே ஓட்டம். இதற்கெல்லாம் நம் பக்கத்தில் "வயித்துல பூச்சி" என்று ஒரே பதில்தான். முதல் தடவை நானும் பூச்சி மருந்துதான் எழுதினேன்.

இரண்டாம் தடவை ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்த லேப் டாக்டர் போன் செய்தார். சிவப்பணுக்களுக்குள் நீல நீலப் பொட்டுகளாம். காரீயம் (lead) உடம்பில் சேர்ந்தால் ரத்தசோகையும் இந்தப் பொட்டுகளும் வரலாம் என்பதால், ரத்தத்தில் அதன் அளவு பார்க்க அனுப்பினோம். டெசிலிட்டருக்கு 31 மைக்ரோகிராம். 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 2021 முதல் 3.5 இருந்தாலே கவனிக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்றும் யாரும் சொல்லவில்லை.

"ஈயமா? ஈயச் சொம்புல ரசம் வைக்கிறோமே, அதாலயா?" என்று கேட்டார் அம்மா. நல்ல கேள்விதான். ஆனால் ரசச் சொம்பு வெள்ளீயம். அதில் கலப்படம் இல்லாதவரை பிரச்சினை இல்லை. இது வேறு உலோகம், காரீயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவுக்கே போனேன். நாலு வீடு தள்ளி, உள்ளே இருக்கும் காரீயத்துக்காகப் பழைய பேட்டரிகளை உடைக்கும் தகரக் கொட்டகை. பையனின் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. பேட்டரி ஏற்றிய குட்டியானை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சாலையோரத்துச் சாம்பல்நிறத் தூள் எழும்பி, வீட்டுப் படிகளில் வந்து உட்கார்ந்தது. பையன் படியில் உட்கார்ந்து விரலால் அந்தத் தூளில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கையிலிருந்த பிஸ்கட் விழுந்தது. எடுத்தான், ஊதினான், தின்றான்.

தூசி என்றதும் நமக்கு இருமலும் மாஸ்க்கும்தான் நினைவுக்கு வருகின்றன. தவழும், விரல் சூப்பும் வயதில் காரீயம் பெரும்பாலும் உள்ளே போவது வாய் வழியாக. பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உடலில் சேரும். குழந்தைகளுக்குப் பாதிவரை சேர்ந்துவிடும். இரும்புச்சத்து குறைந்த குடல் இரும்பைத் தேடுகிற வேகத்தில் காரீயத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்தக் குழந்தைகளில் சிலர் இதுமாதிரித் தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

காரீயம் மக்காது. காரீயம் கலந்த பெட்ரோலை நாம் 2000-இல் நிறுத்திவிட்டோம். அது கக்கியது சாலையோர மண்ணில் இன்னும் கிடக்கிறது. அதோடு டயர் தேய்ந்த துத்தநாகம், பிரேக் தேய்ந்த செம்பு, முலாம் பூசும் பட்டறைகளின் நிக்கல், குரோமியம். தூள் எவ்வளவு நைசோ அவ்வளவுக்கு உலோகமும் அதிகம், கையில் ஒட்டுவதும் அதிகம். நம் காற்றுத் தரநிலையில் காரீயத்துக்கு ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம். ஆனால் அது மிதப்பதை அளக்கும் கணக்கு, வாசலில் கிடப்பது அதில் வராது.

அலட்சியம் எதுவரை போகும் என்பதற்கு செனகல் நாட்டின் டாக்கர் நகரம் சாட்சி. அங்கே தியாரோய் என்ற பகுதியில் பழைய பேட்டரி காரீயம் கலந்த மண்ணைச் சலித்துப் பிழைத்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

ரத்தத்தில் அளவு 45-ஐத் தாண்டினால் காரீயத்தை வெளியேற்ற மாத்திரை உண்டு. இந்தப் பையனுக்கு வைத்தியம் என்பது அது வரும் வழியை அடைப்பதுதான். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது முதலில். சானிடைசர் கிருமியைக் கொல்லும், உலோகத்தை எடுக்காது. அப்பா குளித்து, சட்டை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும், வேலைச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். செருப்பு வாசலோடு சரி. மிளகாயும் வடாமும் அந்தத் தெருவில் காயவே கூடாது. காய்ந்த தரையில் துடைப்பம் போட்டால் படிந்தது எல்லாம் மறுபடி எழும்பும். நம் பாட்டிமார் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பெருக்கினார்கள். அந்த முறைக்கே திரும்புங்கள். வீட்டுக்குள் ஈரத்துணி போதும்.

கொட்டகையை நான் மூடிவிட முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெருக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் பையனின் அளவு 17-க்கு வந்தது. எலும்பில் சேர்ந்தது வருடக்கணக்கில் கசியும் என்பதால் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இதுமாதிரித் தெருவில் இருப்பவர்கள், டானிக்குக்கு ஏறாத ரத்தசோகை என்றால், டாக்டரிடம் காரீயப் பரிசோதனை கேளுங்கள். ரத்தத்தைக் கைமடிப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால், விரலில் ஒட்டியிருக்கும் தூசியும் கலந்து கணக்கைக் கூட்டிக் காட்டிவிடும்.