பண்பாட்டைக் காக்கும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டலாமா?

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. வருகிறவர்கள் யாரும் "என் அடையாளம் தொலைந்துபோகிறது" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கம் வரவில்லை என்பார்கள். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு பேசவே மாட்டேன் என்கிறான் என்பார்கள். கணவன் மனைவிக்குள் எதற்கெடுத்தாலும் சண்டை என்பார்கள். நாலு தடவை உட்கார்ந்து பேசிய பிறகுதான், இங்கே வந்து நாம் யார் என்பதே குழம்பிப்போய்விட்டது என்ற பேச்சு மெல்ல வரும்.

ஐ.நா. கணக்குப்படி 2024இல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் சுமார் 30 கோடிப் பேர். ஆகவே இந்தக் குழப்பம் உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம்.

பலர் இதைத் தராசாகப் பார்க்கிறார்கள்: புது நாட்டின் தட்டு கனத்தால் பழையது லேசாகிவிடுமாம். கனடிய உளவியலாளர் ஜான் பெர்ரி இதை ஒப்புக்கொள்ளவில்லை. தன் பண்பாட்டை வைத்துக்கொள்வது ஒரு கேள்வி, புதிய சமூகத்தோடு பழகுவது வேறொரு கேள்வி, இரண்டுக்குமே 'ஆம்' சொல்ல முடியும் என்றார் அவர். அவரும் சக ஆய்வாளர்களும் 13 நாடுகளில், 13 முதல் 18 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்ட புலம்பெயர் குடும்பப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. இரண்டையும் வைத்துக்கொண்ட பிள்ளைகளே அதில் பெரிய கூட்டம், சுமார் 36 சதவீதம். மனநலத்திலும் பள்ளி வாழ்க்கையிலும் நன்றாக இருந்தவர்களும் அவர்கள்தான். எதிலும் ஒட்டாமல் நின்ற பிள்ளைகளின் பாடுதான் திண்டாட்டம்.

இரண்டையும் வைத்துக்கொள் என்று சொல்வது சுலபம். பாகுபாட்டை அதிகம் உணர்ந்த பிள்ளைகள் மனதளவில் மோசமாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. பெயரைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை ஒதுக்கும் ஊரில், "கலந்து பழகுங்கள்" என்று நான் உபதேசம் செய்து என்ன ஆகப்போகிறது? பழியைக் குடும்பத்தின் மேல் மட்டும் போடக் கூடாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம், வீட்டுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பெற்றோருக்கு ஒரு துக்கம் இருக்கிறது. விட்டுவந்த மனிதர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், ஆனால் பக்கத்தில் இல்லை. சாவு என்றால் அழுது முடிக்கலாம். இதற்கு முடிவே கிடையாது. பாலின் பாஸ் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட தெளிவற்ற இழப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அழ இடம் கிடைக்காத இந்தத் துக்கம் பல வீடுகளில் பிள்ளைக்கான சட்டமாக மாறிவிடுகிறது: இப்படி உடுத்து, அவர்களோடு சேராதே, இந்த விழாவுக்கு வந்தே ஆக வேண்டும். மீறினால் பெற்றோருக்கு வருவது சாதாரணக் கோபம் இல்லை, ஊரையே இன்னொரு முறை இழந்த வலி. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்?

இன்னொன்றும் நடக்கிறது. பெற்றோர் கையோடு கொண்டுவந்தது அவர்கள் கிளம்பிய வருடத்துப் பண்பாடு. அங்கே இருப்பவர்கள் இதற்குள் எவ்வளவோ மாறிவிட்டார்கள். விடுமுறைக்குப் போகும் பிள்ளை, தன்னைவிடச் சுதந்திரமாகத் திரியும் சொந்தக்காரப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும் கேள்விக்கு எந்த அப்பாவிடமும் பதில் இருப்பதில்லை.

வார இறுதி மொழி வகுப்புக்குப் பிள்ளையை அடம்பிடித்து அனுப்பும் பெற்றோரிடம், "நீங்கள் கடைசியாக அந்த மொழியில் எதை விரும்பிப் படித்தீர்கள்?" என்று கேட்பேன். பெரும்பாலும் மௌனம்தான். உங்களுக்கே சந்தோஷம் தராத ஒன்று பிள்ளைக்கு வீட்டுப்பாடமாகத்தான் தெரியும்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "வீட்டிலும் இந்த நாட்டு மொழியையே பேசுங்கள்" என்று சில பள்ளிகளில் இன்னும் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்னாலும் தவறான ஆலோசனை. தட்டுத்தடுமாறும் மொழியில் "சாப்பிடு, படி, தூங்கு" என்று ஏவத்தான் முடியும். கேலி, கொஞ்சல், கதை, பிள்ளை உடைந்துபோய் வந்த நாளில் சொல்ல வேண்டிய ஆறுதல் எல்லாம் போய்விடும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 29ஆவது பிரிவு, பிள்ளையின் சொந்த மொழிக்கும் பண்பாட்டுக்கும் மதிப்பு, வாழும் நாட்டின் விழுமியங்களுக்கும் மதிப்பு என்று இரண்டையும் கல்வியின் நோக்கமாகச் சேர்த்தே சொல்கிறது. ஆசிரியரிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

அதே சமயம், பெற்றோர் பேசினால் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும் என்றும் இருந்துவிட முடியாது. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களை வைத்து மொழியியலாளர் அன்னிக் டி ஹாவர் செய்த ஆய்வில் (2007), வீட்டில் வேற்றுமொழி பேசப்பட்டும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குப் பிள்ளைகள் அதைப் பேசவில்லை. இரண்டு பெற்றோரும் வீட்டில் அந்த மொழியை மட்டுமே பேசிய இடங்களில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் பேசினார்கள்.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போகும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில், தபால் ஆபீசில் என்றால் சரி, பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் அம்மாவின் நோயை டாக்டரிடம் விளக்குவதும், வீட்டுக் கடனைப் பற்றி வங்கியில் பேசுவதும் பிள்ளையின் வேலை இல்லை. அதோடு அதிகாரமும் இடம் மாறிவிடுகிறது. பிள்ளைக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாது என்று ஆன பிறகு, இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று அப்பா சொன்னால் யார் கேட்பார்கள்? பல நாடுகளில் ஆஸ்பத்திரிகளும் நீதிமன்றங்களும் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தரும். நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நான் குடும்பங்களுக்குத் தரும் வேலை சின்னது: கதை சொல்லுங்கள். முன்னோர் பெருமை வேண்டாம், அதைப் பிள்ளைகள் போதுமான அளவு கேட்டாயிற்று. நீங்கள் பரீட்சையில் கோட்டைவிட்டது, வீட்டுக்குத் தெரியாமல் செய்தது, வந்த புதிதில் திருதிருவென முழித்தது, இவற்றைச் சொல்லுங்கள். குடும்பக் கதைகளை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்ததாக அமெரிக்க உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் கண்டார்கள். கதை தெரிந்ததால்தான் தன்மதிப்பு வந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், பேச்சே நின்றுபோன வீட்டில் பேச்சு மறுபடி தொடங்கக் கதையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை தன் பெயரையோ நிறத்தையோ வெறுத்துப் பேசினால், நண்பர்களையும் பிடித்த விளையாட்டையும் விட்டு ஒதுங்கினால், உங்களுக்கோ பிள்ளைக்கோ தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், ஒரு மனநல நிபுணரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே அவசர உதவியை நாடுங்கள். முதல் சந்திப்பிலேயே எப்போது, ஏன் நாடு மாறினீர்கள், யாரை விட்டு வந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். எங்களில் பலர் அதைக் கேட்கவே மறந்துவிடுகிறோம்.